ஆயிரம் ரூபாய்க்கு யூரோ ஹாக்கி லீக்: பிரானூர் மரக்கடையிலிருந்து ஒரு விமர்சனம்

கிரிக்கெட் பார்க்கிற மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, நடுவில் எழுந்து போய் டீ போட்டுவிட்டு வந்து "என்னாச்சு" என்று கேட்கிற ஆளுக்கு இது ஆகாது. டீ கொதிக்கிறதுக்குள் ரெண்டு கோல் விழுந்திருக்கும், திருப்பிப் போட்டும் காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு தடவையாவது ஸ்டிக் பிடித்து முழங்காலில் பந்து வாங்கினவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

விஷயம் யூரோ ஹாக்கி லீக். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டு லீக்கிலும் முன்னணியில் வந்த ஆண்கள் கிளப்புகள் ஒன்றோடொன்று மோதுகிற போட்டி. பழைய ஐரோப்பியக் கோப்பையை எடுத்துவிட்டு 2007ல் இதைக் கொண்டுவந்தார்கள். கடைசி எட்டு கிளப்புகள் ஈஸ்டர் வாரத்தில் ஒரே ஊரில் கூடி ஆடுகின்றன. நான் பார்த்த இரண்டு ஈஸ்டருமே அப்படித்தான். அதை நம் ஊரில் எந்த டிவி சேனலிலும் நான் பார்த்ததில்லை, இன்டர்நெட்டில் காசு கட்டித்தான் பார்த்தேன். அந்தக் காசுக்கு இது தகுமா என்பதுதான் இங்கே பேச்சு. எந்தத் தளத்தில் கட்டினேன் என்று பேர் சொல்லப் போவதில்லை, திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, வீண் வம்பு வேண்டாம்.

நான் யார் என்று ஒரு வரி. படித்தது கோவில்பட்டியில், பள்ளி டீமில் ரைட் ஹாஃப், அதாவது வலது பக்கம் நின்று எதிராளியை மறிக்கிறவன், கரிசல் மண்ணில் ஆடி வளர்ந்த ஆள். இப்போது செங்கோட்டையை ஒட்டி பிரானூரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்குப் பார்க்கிறேன். வாசலில் நின்றால் ஒரு பக்கம் பார்டர் பரோட்டா வாசம், இன்னொரு பக்கம் புளியரை வழியாக மலை ஏறுகிற லாரிச் சத்தம். எங்கள் மில்லுக்குப் புனலூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் மரம் லோடு கொண்டுவருகிற ஒரு சேட்டன் இருக்கிறார், அவரும் பள்ளிக்கூட நாளில் ஆடினவர், கோல்கீப்பர். லோடு இறக்கி முடிக்கும்வரை நாங்கள் பேசுவது ஹாக்கி ஒன்றைத்தான். "அண்ணாச்சி, எங்க கேரளாக்காரன் ஹாக்கியில ஒலிம்பிக் மெடல் வாங்கினது ரெண்டே பேர், ரெண்டு பேரும் கோல் போஸ்ட்டுல நின்னவனாக்கும்" என்பார். 1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கின கண்ணூர் மானுவல் ஃபிரெடெரிக், அப்புறம் டோக்கியோவிலும் பாரிஸிலும் வாங்கின கிழக்கம்பலம் ஸ்ரீஜேஷ். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவரே மூணாவதாகப் போயிருக்க வேண்டியவர், லாரி வாங்கினதால் தவறிவிட்டது என்கிற மாதிரி ஒரு தோரணை.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் 2024. ஈஸ்டர் வாரத்து ஆட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு பாஸ், நம் பணத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. யூபிஐ கிடையாது. என்னிடம் இருந்த டெபிட் கார்டைப் போட்டால் வெளிநாட்டுக்குப் போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. பேங்க் ஆப்பில் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்ற பொத்தானைத் தேடி எடுத்து அழுத்தி, மறுபடி போட்டால் ஓடிபி வருவதற்குள் அந்தப் பக்கம் நேரம் முடிந்து போனது. கடைசியில் பெங்களூரில் ஐடியில் இருக்கிற என் தங்கை மகன்தான் அவன் கிரெடிட் கார்டில் கட்டிக் கொடுத்தான். "மாமா, ஆயிரம் ரூபாய்க்கு ஹாக்கியா?" என்று கேட்டான், பதில் சொல்லவில்லை, பணத்தை மட்டும் அனுப்பிவிட்டேன். பணம் கட்டும் இடத்துக்கு நான் போடுகிற மார்க் பத்துக்கு இரண்டு, அதுவும் ரசீது உடனே மெயிலில் வந்ததற்காக.

பார்த்தது மில் ஆபீஸ் ரூமில். முதலாளி பழைய டிவி ஒன்றை அங்கே போட்டு வைத்திருக்கிறார், அதில் ஒயரைச் செருகி லேப்டாப்பிலிருந்து ஓட்டினோம். மாலை நேரம், ரம்பச் சத்தம் நின்ற பிறகு. படம் தெளிவாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். நீல டர்ஃபில் தண்ணி தெளித்திருப்பதால் பந்து போகிற வழியெல்லாம் ஒரு சாரல் எழும்புகிறது பாருங்கள், அது இந்தப் பழைய டிவியில்கூடத் தெரிந்தது. நாங்கள் ஆடின காலத்தில் பந்து போன வழியில் புழுதிதான் எழும்பும், அடுத்த ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான். நெட் நம் கேபிள்காரர் கொடுப்பது. கோடை மழை ஒரு தூறல் போட்டாலே படம் கட்டம் கட்டமாக உடையும், அது அந்தத் தளத்தின் தப்பு இல்லை, அதனால் மார்க் குறைக்கவில்லை.

கேமராதான் என் பெரிய புகார். கடைசிக்கட்ட ஆட்டங்களில் பல கேமரா வைக்கிறார்கள், மறுப்பில்லை. ஆனால் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒட்டிக்கொண்டு ரொம்ப நெருக்கமாகக் காட்டுகிறார்கள். ஹாக்கியில் பந்து வைத்திருக்கிறவனைப் பார்த்து என்ன புண்ணியம்? பந்து இல்லாத மூணு பேர் எங்கே ஓடுகிறார்கள் என்பதுதானே ஆட்டம். ரைட் ஹாஃப் ஆடினவனுக்கு அது நன்றாகத் தெரியும், என் பக்கம் பந்து வருவதே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மீதி நேரம் முழுக்க நான் யாரை மறிக்கிறேன் என்பதுதான் என் வேலை. மேலே உயரத்திலிருந்து அகலமாகக் காட்டுகிற நேரம் வரும்போதெல்லாம் சேட்டனும் நானும் பேச்சை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் தெரியும், டச்சுக்காரன் பின்வரிசையில் நாலு பேராக நின்று பந்தை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி, எதிராளியின் முன்வரிசையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, காலியான மறுபக்கத்தில் ஒரே ஒரு புஷ்ஷில் உள்ளே போகிறான். அவசரமே இல்லை. நம் ஆட்கள் அங்கே பந்தைத் தட்டித் தட்டி ஒருத்தனை ஏமாற்றித் தாண்டப் பார்ப்பார்கள், கூட்டமும் அதற்குத்தான் விசில் அடிக்கும்.

பெனால்டி கார்னரில், அதாவது தடுக்கிற டீம் கோல் பக்கத்தில் தப்பு செய்தால் எதிராளிக்குக் கிடைக்கிற வாய்ப்பில், மட்டும் கேமராவைப் பற்றிக் குறையே இல்லை. கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்து பேர் முகமூடி மாட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள், பந்து உள்ளே தள்ளப்பட்டதும் ஒருத்தன் நேராக அந்த டிராக் ஃபிளிக் அடிப்பவனை, பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி எறிகிறவனை, நோக்கி ஓடுகிறான், குண்டு வரும் திசையில் ஓடுகிற மாதிரி. அதைக் கோலுக்குப் பின்னாலிருந்தே மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். சேட்டன் நாற்காலியில் இருந்தபடியே இடது காலை நீட்டித் தடுத்தார். டீ கிளாஸ் போச்சு.

இந்தப் போட்டிக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. இன்றைக்கு நாம் பார்க்கிற ஹாக்கியில் சில சட்டங்களை முதலில் ஆடிப் பார்த்த இடம் இது. ஃப்ரீ ஹிட் கிடைத்தவன் இன்னொருத்தனுக்குக் கொடுக்காமல் தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்கிற செல்ஃப் பாஸை இந்த லீக்கில் 2007லேயே ஆடிப் பார்த்தார்கள், 2009ல்தான் அது உலகத்துக்கே சட்டமானது. எங்கள் காலத்தில் ஃப்ரீ ஹிட் என்றால் ஆட்டத்துக்கு ஓய்வு, எல்லோரும் இடத்துக்கு வந்து மூச்சு வாங்கிக்கொள்வோம், பி.டி. சார் வெளியிலிருந்து கத்துவார். இப்போது விசில் ஊதிய அடுத்த நொடி அவன் ஓடிவிட்டான். ஆட்டத்தை நாலு பாகமாக வெட்டினதையும் இவர்கள் ஆரம்பத்திலேயே, பாகத்துக்கு 17.5 நிமிடம் என்று செய்துவிட்டார்கள், உலகப் போட்டிகளுக்கு நாலு பாகம் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. வீடியோ பார்த்துத் தீர்ப்பு கேட்பதும் இங்கே உண்டு. ஒரு டீமுக்கு ஒரு தடவை கேட்கலாம், சரியாகக் கேட்டிருந்தால் அந்த வாய்ப்பு கையில் இருக்கும், தப்பாகக் கேட்டால் போச்சு. அம்பயர் பேசுவதும் நமக்குக் கேட்கிறது. இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒலிதான், வீடியோ அம்பயர் "பந்து காலில் பட்டதா காட்டு, இன்னொரு பக்கத்திலிருந்து காட்டு" என்று கேட்பதும், மைதானத்தில் இருக்கிற அம்பயர் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பதும். மர டிப்போ ஏலத்தில்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார்கள்.

கிளப் என்கிற சங்கதியும் ஒன்று இருக்கிறது. நம்மிடம் பெரிய போட்டிகளில் ஆடுகிறவை ஆபீஸ் டீம்கள். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வருகிறவர்களைப் பாருங்கள், ரயில்வே, ராணுவம், பேங்க், எண்ணெய்க் கம்பெனி. நன்றாக ஆடினால் வேலை, வேலை கிடைத்தால் ஆட்டம், இதில் தப்பில்லை, அந்த வேலைக்காகத்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போனார்கள், இப்போதும் போகிறார்கள். மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினபோது கோவில்பட்டிப் பயிற்சி மையத்துக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அங்கே கிளப் என்றால் ஊர். ப்ளூமென்டால் என்கிற டச்சு கிளப் 2021, 2022, 2023 மூணு வருஷமும் தொடர்ந்து கோப்பை வாங்கியிருக்கிறது, முதலில் வாங்கினது 2009ல். ஹார்லெம் பக்கத்துச் சின்ன ஊர் அது, ஜனத்தொகை கிட்டத்தட்ட நம் செங்கோட்டை அளவுதான் இருக்கும். செங்கோட்டை டீம் ஐரோப்பாவை மூணு வருஷம் ஜெயித்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள், நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். பெல்ஜியத்தின் ஆர்தர் வான் டோரன் மாதிரி ஆட்கள் நாடு தாண்டி அந்த ஊர்க் கிளப்புக்கு ஆடியிருக்கிறார்கள், நம் சர்தார் சிங்கும் 2013ல் அங்கே போயிருக்கிறார். சின்னப் பையன்கள் டீம் காலையில் அதே மைதானத்தில் ஆடிவிட்டு, சாயந்திரம் அதே சட்டை போட்ட பெரியவர்கள் ஆடுவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள், அதை இந்த ஒளிபரப்பில் இடைவேளை நேரத்தில் காட்டினார்கள். கயிறு என்றால் நிஜமாகவே ஒரு கயிறுதான்.

டச்சுக்காரர்கள்தான் எப்போதும் என்று நினைக்க வேண்டாம். முதல் கோப்பை 2008ல் ஜெர்மனியின் யூஎச்சி ஹாம்பர்க்குக்குப் போனது, அவர்களே 2010லும் 2012லும் வாங்கினார்கள். 2019ல் வாட்டர்லூ டக்ஸ் வாங்கின பிறகுதான் பெல்ஜியம் கணக்கு ஆரம்பித்தது. 2020ல் கொரோனா, போட்டி இல்லை. நான் காசு கட்டிப் பார்த்த 2024ல் ப்ளூமென்டாலின் வரிசையை உடைத்துக் கோப்பையைத் தூக்கினது ஆம்ஸ்டர்டாம் காட்டுப்பக்கத்துக் கிளப்பான பினோகே.

தூக்கினது என்று படித்துத்தான் தெரியும். அங்கேதான் என் வயிற்றெரிச்சல்.

அந்தத் தளத்தில் அட்டவணை முழுக்க அவர்கள் ஊர் நேரத்தில் இருந்தது. நான் முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டேன், அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அங்கே மத்தியானம் 2 மணி என்றால் இங்கே சாயந்திரம் ஆறரை. புதன், வியாழன், எல்லாம் சரியாக ஓடிற்று. கணக்குப் பிள்ளை போட்ட கணக்கு என்று சேட்டனிடம் பெருமை வேறு அடித்தேன். கடைசி நாள், ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 1. சேட்டன் ஆரியங்காவில் லாரியை நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வந்தார். பார்டரில் பரோட்டாவும் கோழியும் பார்சல் வாங்கி, டிவியைத் துடைத்து, சொன்ன நேரத்துக்கு டாண் என்று உட்கார்ந்து போட்டால், நாலாவது பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள், மார்ச் 31 ஞாயிறு அதிகாலை, ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். கோடைக்கால நேரமாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி வேறு. சேட்டன் பரோட்டாவைப் பிய்த்தபடி, "அண்ணாச்சி, மில்லுக் கணக்கும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார். பரோட்டா சூடாக இருந்தது, அதை நான் சொன்னேன். அந்தக் கடுப்பில் மீதி ஆட்டத்தையும் பார்க்காமல் மூடிவிட்டு வந்துவிட்டேன், முட்டாள்தனம்தான்.

என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உலகம் முழுக்கக் காசு வாங்குகிற தளம், பார்க்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்து அந்த ஊர் நேரத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? சாதாரண ரயில் டிக்கெட் ஆப்பே ஒரு மணி நேரம் முன்னால் மணி அடிக்கிறது. சரி, ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் திறந்தால், முகப்பிலேயே பெரிய எழுத்தில் முடிவு. யார் ஜெயித்தது என்று காட்டிவிட்டு அதற்குக் கீழே "முழு ஆட்டத்தையும் பார்க்க". கொலைகாரன் யார் என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டு டிக்கெட் விற்கிற தியேட்டர் மாதிரி. இதைப் பற்றி மெயில் போட்டேன், இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது, அடுத்த வருஷமும் அதே மாதிரிதான் இருந்தது. மறுபடி பார்க்கும் வசதிக்கு என்று ஒரு மார்க்கும் கிடையாது. ஆனால் ஆட்டங்களைப் பல மாதம் எடுக்காமல் வைத்திருந்தார்கள், ஜூன் மாதம் சாரல் விழுந்து மில்லில் வேலை மந்தமான நாட்களில் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தோம்.

வர்ணனை ஆங்கிலத்தில். அமைதியாகப் பேசுகிறார்கள், கத்தல் இல்லை, நடுநடுவே விளம்பரம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் பாதியில் சத்தத்தைக் குறைத்துவிட்டோம். சேட்டனே மலையாளமும் தமிழும் கலந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார், அதுவும் கோல்கீப்பர் கண்ணால் மட்டும். "இப்ப இவன் முன்னால வரணும், வரணும், வந்தா... ஐயோ வரல்லே." கோல் விழுந்தால் அடித்தவனை ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார், கீப்பர் கால் எங்கே இருந்தது என்பதுதான் அரை மணி நேரப் பேச்சு. ஆட்டம் சமமாக முடிந்து ஷூட்அவுட் வந்தால் மனிதர் எழுந்தே நின்றுவிடுவார். அடிக்கிறவன் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு 8 நொடிக்குள் கோல் போட வேண்டும், எதிரில் கீப்பர் தனியாக. எட்டு நொடி என்பது எவ்வளவு நீளம் என்று அந்த ரூமில்தான் எனக்குத் தெரிந்தது.

மில்லில் வேலை பார்க்கிற ஒருத்தர் மகன், எட்டாவது படிக்கிறான், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்து காலில் பட்டால் ஏன் நிறுத்துகிறார்கள், மட்டையைத் திருப்பிப் பிடிப்பது ஏன், அந்தப் பாதி வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்தால் ஏன் கோல் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். புதிதாகப் பார்க்கிறவனுக்கு இந்தத் தளம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, இது பெரிய குறை. பக்கத்தில் ஆடின ஆள் ஒருத்தர் இருந்தால்தான் உண்டு. ரெண்டாவது வருஷம் அவன் கேட்காமலே வந்து உட்கார்ந்தான், அப்புறம் மரப்பட்டைக் குவியலிலிருந்து ஒரு வளைந்த கொம்பை எடுத்துக்கொண்டு போய் லோடு இறக்குகிற இடத்தில் செல்ஃப் பாஸ் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் ஸ்டிக் என்றாலே முசுக்கொட்டை மரம்தான், இப்போது எல்லாம் கார்பன், ரப்பர் மரத்தில் எதுவும் வராது என்று சொன்னேன். கேட்கவில்லை.

இலவசமாகப் பார்க்கத்தான் நம் ஹாக்கி இந்தியா லீக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, தமிழ்நாடு டிராகன்ஸ் ஆடும்போது நானும் பார்க்கிறேன். ஆனால் அது பல நாட்டு ஆட்களை ஏலத்தில் எடுத்துச் சில வாரத்துக்குச் சேர்த்து வைக்கிற டீம். வருஷக்கணக்காக ஒரே ஊரில் சேர்ந்து ஆடுகிற பதினோரு பேர் கண்ணைப் பார்க்காமலே பாஸ் கொடுப்பார்கள் பாருங்கள், அதை நான் முன்பு கோவில்பட்டித் தெருப் பையன்களிடம் பார்த்திருக்கிறேன், அப்புறம் இதில்தான்.

மொத்தமாக என்றால் பத்துக்கு ஏழு கொடுப்பேன், ஆட்டத்துக்கு ஒன்பது, தளத்துக்கு ஐந்து, கூட்டி இரண்டால் வகுத்தது. ஆயிரம் ரூபாயை மூணு பேர் பிரித்துக் கட்டினால் ஒரு பார்டர் சாப்பாட்டுக் காசுதான். தனியாகக் கட்டித் தனியாகப் பார்க்காதீர்கள், அதில் பாதிச் சுகம் போய்விடும். வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்குப் போகிற கார்டை ஒரு வாரம் முன்பே தயார் செய்து வையுங்கள், மறுநாள் பார்ப்பதானால் முகப்பைக் கையால் மறைத்துக்கொண்டு திறங்கள்.

அப்புறம் நேரம். மார்ச் கடைசி ஞாயிறுக்கு முன்னால் நாலரை மணி நேரம், அதற்குப் பின்னால் மூன்றரை. ரூம் சுவரில் சேட்டன் இதை சாக்பீஸால் பெரிதாக எழுதி, கீழே என் பெயரையும் போட்டு வைத்திருக்கிறார். முதலாளி ரெண்டு தடவை கேட்டுவிட்டார், இது என்ன லோடு கணக்கு என்று.